ஊரின் பெயரே காலனி

ஜெர்மனியின் கொலோன் நகரில் ரயிலைவிட்டு வெளியே வந்ததும் அண்ணாந்து பார்க்க வைக்கிறது தேவாலயம். 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடிக்கப்பட்ட, 157 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் இரட்டைக் கோபுரங்கள். பயணிகளின் காமிராக்கள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்புகின்றன. அதே சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கல் வளைவு தனியாக நிற்கிறது. நின்று பார்ப்பவர்கள் குறைவு. ரோமானியர் கட்டிய கோட்டைச் சுவரின் வடக்கு வாசலில் எஞ்சிய துண்டு அது. அந்த வாசலின் நடு வளைவில் நான்கு லத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன: சி.சி.ஏ.ஏ. முதல் எழுத்துக்கு விரிவு 'கொலோனியா'. நம் ஊர்களில் புழங்கும் 'காலனி'தான் அது.

ரைன் நதிக்கரையில் உபியர் என்ற பழங்குடியினரின் ஊராக இருந்த இடம் இது. ரோமானியத் தளபதி ஜெர்மானிகஸின் மகள் அக்ரிப்பினா கி.பி. 15இல் இங்கே பிறந்தாள். பின்னாளில் பேரரசர் க்ளாடியஸை மணந்தாள். நீரோ மன்னனின் தாயும் அவள்தான். கி.பி. 50இல் தான் பிறந்த ஊரைக் கணவனைக் கொண்டு காலனியாக உயர்த்தினாள். 'கொலோனியா க்ளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம்' என்று நீளமான பெயர். காலப்போக்கில் பேரரசன் பெயர் உதிர்ந்தது, அரசி பெயரும் உதிர்ந்தது. முதல் சொல் மட்டும் நின்றது. ஜெர்மானியர் அதைச் சுருக்கி 'க்யோல்ன்' என்கிறார்கள்.

அன்றைக்குக் காலனி என்பது கௌரவமான சொல். 'கோலெரே' என்ற லத்தீன் வினைக்கு உழுவது, குடியிருப்பது, வழிபடுவது என்று மூன்று பொருள்கள் உண்டு. இதன் மூலவேரிலிருந்துதான் நம் 'சக்கரம்' என்ற வடசொல்லும் பிறந்தது என்பது மொழியியலார் கணக்கு. உழுகிறவன் 'கொலோனஸ்'. படையில் பணி முடித்த வீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியேற்றிய ஊர் 'கொலோனியா'. நிலமும் குடியுரிமையும் சேர்ந்தே அந்தச் சொல்லுக்குள் இருந்தன.

ஆனால் ரோமிலேயே அது சரியத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் கொலோனஸ் என்றால் பெரும் நிலக்கிழாரின் குத்தகைக்காரன் என்று ஆயிற்று. கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் இட்ட சட்டம், பண்ணையைவிட்டு ஓடிய கொலோனஸைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னது. நிலம் பெற்றவனைக் குறித்த சொல், நிலத்தோடு கட்டப்பட்டவனின் பெயராகிவிட்டது.

அதன்பின் ஐரோப்பா முழுக்க இந்தச் சொல் வெவ்வேறு வேடம் போட்டிருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரின் பெயருக்குள்ளும் கொலோனியாதான் ஒளிந்திருக்கிறது. 1876இல் வால்டர் பியோன் என்ற பாதிரியார் சூரிச் நகர ஏழைக் குழந்தைகளை மலைக்காற்று வாங்க அப்பென்செல் பகுதிக்கு அழைத்துப் போனார். அது 'விடுமுறைக் காலனி'. இன்றும் பிரெஞ்சுச் சிறுவர்களுக்குக் 'கொலோ' என்றால் கோடைக்கால முகாம். டென்மார்க்கில் நகரவாசிகள் காய்கறியும் பூவும் வளர்க்கும் துண்டு நிலம் 'காலனித் தோட்டம்'. மெக்சிகோ நகரின் பேட்டைகள் எல்லாமே 'கொலோனியா'. ரஷ்யாவிலோ அது சிறை. 2024 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னி உயிரிழந்தது ஆர்க்டிக் பகுதிக் 'கலோனியா' ஒன்றில்தான்.

கொலோன் கடைத்தெருவிலோ சொல் மணக்கிறது. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபரீனா குடும்பம் 1709இல் இங்கே தொடங்கிய வியாபாரம், 'ஓ டி கொலோன்' என்ற வாசனை நீராக உலகெங்கும் போயிற்று. நம்மூர் முடிதிருத்தும் கடைகளில் கன்னத்தில் தடவுகிறார்களே, அதன் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். எடேகா என்ற பெரிய மளிகைக் கடைத் தொடரின் பலகையும் ஜெர்மனியெங்கும் கண்ணில் படுகிறது. 1898இல் பெர்லினில் 'காலனிச் சரக்கு' வியாபாரிகள் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் அது. காலனிச் சரக்கு என்றால் காபி, தேயிலை, சர்க்கரை, மிளகு. அதாவது பிறருடைய மண்ணில் விளைந்தவை.

அந்தப் பிறரில் நாமும் உண்டு. ஆங்கிலேயர் நம்மைக் காலனியாக்கிவிட்டுச் சொல்லையும் இங்கேயே விட்டுப் போனார்கள். டில்லியில் இது வசதியின் அடையாளம். டிஃபன்ஸ் காலனியில் வீடு என்றால் கேட்பவர் புருவம் உயர்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலோ "காலனிக்காரர்" என்றால் சாதியைச் சொல்லியாகிவிட்டது. சேரி என்ற பெயருக்கு மாற்றாக, அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்புகள் வழியே வந்து ஒட்டிக்கொண்ட சொல் இது. இத்தனைக்கும் சேரி என்பதற்கும் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே பழைய பொருள். புதுச்சேரி, வேளச்சேரி என்று சொல்லும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பள்ளிச் சான்றிதழில் முகவரி எழுதும்போதே கூசிப்போன பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் சேரி போய்க் காலனி வந்தபோதும் நோக்கம் இதுவாகத்தான் இருந்தது. பெயர் மாறியது, ஊருக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம் மாறவில்லை. அந்தத் தூரம் புதுச் சொல்லையும் பழைய சொல்லாக்கிவிட்டது.

ரோமானியப் படைவீரனுக்குக் காலனி என்றால் கைக்கு வந்த நிலம். தமிழ்நாட்டுக் காலனிகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்தவர்கள். 1892இல் அன்றைய சென்னை மாகாண அரசு அவர்களுக்கென ஒதுக்க முன்வந்த பஞ்சமி நிலங்களில் கணிசமானவை பிறர் கைக்குப் போய்விட்டன; அவற்றை மீட்கக் கோரும் குரல் இன்னும் ஓயவில்லை. உழுகிறவன் என்ற லத்தீன் பெயர் அவர்களுக்குப் பொருத்தமாகவே வந்து சேர்ந்தது. அதோடு வந்திருக்க வேண்டிய நிலம்தான் வந்து சேரவில்லை.