தூக்கிவிடக் கூலி

அமெரிக்காவில் பல ஊர்களில் ஒரு விநோதமான பில் போடுகிறார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி கட்டிலிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அடியில்லை, வலியில்லை, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. பக்கத்திலேயே ஊழியர்கள் நிற்கிறார்கள். தூக்க மாட்டார்கள். தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், எலும்பு கிலும்பு முறிந்தால் கேஸாகிவிடும் என்று சில இல்லங்களில் விதியே உண்டு. 911-ஐக் கூப்பிடுகிறார்கள். தீயணைப்பு வண்டி வருகிறது. நாலு பேர் இறங்கி, பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போகிறார்கள். இதற்கு 'லிஃப்ட் அசிஸ்ட்' என்று பெயர். அந்த நேரத்தில் எங்காவது நிஜமாகவே தீப்பிடித்தால்? 'மாதாமாதம் ஆயிரக்கணக்கான டாலர் வாங்குகிறீர்கள் அல்லவா, இதற்கும் நீங்களே கட்டுங்கள்' என்று நகரசபைகள் இல்லங்களுக்குக் கட்டணம் விதிக்க ஆரம்பித்துவிட்டன.

நியாயம்தானே என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பில் யாருக்கு என்பதைக் கவனியுங்கள். லண்டனில் 2014-ல் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் ஓயாமல் பொய்யாக அடிக்கும் அலாரங்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தபோது, அது நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. ஜப்பானில் ஆம்புலன்ஸை ஓட்டுவதே தீயணைப்புத் துறைதான். அங்கே மாட்சுசாகா என்ற ஊரின் மூன்று ஆஸ்பத்திரிகளில் 2024 ஜூன் முதல், ஆம்புலன்ஸில் வந்து அட்மிட் ஆகாதவர்களிடம் 7,700 யென் வாங்குகிறார்கள். இது நோயாளியின் பையிலிருந்து போகிற பணம். இரண்டும் ஒன்றல்ல. காசுக்குப் பயந்து ஒரு கிழவர் போனை எடுக்காமல் இருந்துவிட்டால்? விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள். உடம்பு நீர் வற்றும், அழுந்திய இடம் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கும்.

நம் ஊரில் 101-ஐ அழைத்தால் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிக்கவும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும்கூட வருகிறார்கள். வீட்டில் சறுக்கி உட்கார்ந்த மனுஷரைத் தூக்க அவர்களைக் கூப்பிடும் வழக்கமில்லை, தேவைப்படவில்லை. வெண்ணந்தூரில் எங்கள் அம்மாயி வாசலில் சறுக்கி உட்கார்ந்தால், "ஏனுங் தம்பி, ஒரு கை புடிங்க" என்று ஒரு குரல் போதும். தறியை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுப் பையன்கள் ஓடி வருவார்கள். கட்டணம், ஒரு சொம்பு மோர்.

அந்தப் பையன்கள் இன்றைக்குத் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அம்மாயிகளின் மகள்கள் முதியோர் இல்லங்களுக்குப் போகிறார்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ம் வருஷத்துச் சட்டமே, வசதியற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேராவது தங்கும்படி அமைக்கலாம் என்கிறது. கட்டிடம் கட்டிவிடலாம். ராத்திரியில் தூக்க ஆள்?

தூக்கிவிடுவது பராமரிப்பின் உபரி வேலை இல்லை ஸார், பராமரிப்பே அதுதான். அதற்குச் சம்பளம் கொடுத்து, முறையாகத் தூக்கக் கற்றுக்கொடுத்து ஆள் வைக்காத இல்லம், அந்தச் செலவை ஊர் தலையில் கட்டுகிறது. எனவே போன் எப்போதும் இலவசமாக இருக்கட்டும். அதையே வழக்கமாக்கிக்கொண்ட நிர்வாகத்துக்கு மட்டும் பில் போகட்டும். அதைப் பாட்டியின் மாதக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று கண்டிஷனும் போடவேண்டும்.

அப்பா அம்மாவுக்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் ஏ.சி. உண்டா, கோயில் பக்கமா, சாப்பாட்டில் காரம் குறைப்பார்களா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். இன்னும் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா விழுந்தா யாருங்க தூக்குவாங்க?"

"101 இருக்கே ஸார்" என்று பதில் வந்தால், அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.