பழைய வண்டியும் பாகப்பிரிவினையும்

குன்னத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கால் நூற்றாண்டுக் காலம் நின்ற அம்பாசிடர் கார் இப்போது அங்கில்லை. அதை விற்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. அரசாங்கத்தின் பழைய வாகன ஒழிப்புத் திட்டத்தின்கீழ் உடைக்கக் கொடுத்துவிட்டோம். ஒரு காரை உடைத்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறதென்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். அந்த இரும்பு எங்கள் குடும்பத்தில் கிளப்பிவிட்ட கேள்வி ஒன்று, இன்று பல வீடுகளின் வாசலிலும் வந்து நிற்கக்கூடியது. ஆகவேதான் எழுதுகிறேன்.

1999-ஆம் ஆண்டு மர்ஹூம் அத்தா அவர்கள் அந்த டீசல் வண்டியைப் புதிதாக வாங்கினார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தப் பக்கத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே அது எங்கள் வீட்டு வண்டியாக மட்டும் இருக்கவில்லை. பிரசவ வேதனையில் துடித்த பெண்களைச் சாதி சமயம் பாராமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது. லப்பைக்குடிக்காட்டு உறவினர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சபர் போகும்போதெல்லாம் திருச்சி விமான நிலையம்வரை வழியனுப்பச் சென்றது. ஐந்து பேர் ஏறவேண்டிய வண்டியில் பத்துப் பேர் ஏறுவார்கள். போகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். திரும்பும்போது ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வாடகை என்று எவரிடமும் அத்தா ஒரு காசு வாங்கியதில்லை; டீசல் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2014-இலும் 2019-இலும் அத்தாவே நேரில் சென்று புதுப்பித்தார்கள். 2021-இல் அவர்கள் வபாத்தானார்கள். 2024-இல் தவணை வந்தபோது ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறோம்: இன்னும் அத்தாவின் பெயர்! உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டுமென்பது சட்டம். நாங்கள் மூன்று ஆண்டுகள் உறங்கிவிட்டோம். குற்றம் முழுக்க எங்களுடையதே. நிலப்பத்திரம் என்றால் ஓடோடிச் செல்லும் நாம், வண்டியை ஏனோ சொத்து என்று நினைப்பதே இல்லை.

முன்பு 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம், 15 ஆண்டு கடந்த கார்களுக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகிவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. எங்கள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாய், முன்சக்கரத்துக்கு மேலே அடித்தகடு துருவேறி விரிசல் விட்டிருக்கிறது. ஓட்டலாம். ஆனால் எந்தப் பள்ளத்தில் என்ன ஆகுமென்று நான் பொறுப்பேற்க மாட்டேன்."

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. உதிரிப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும். அங்கும் கிடைப்பது வேறொரு கிழவண்டியின் எலும்புதான்.

ஒரு தரகர் வந்தார். டிங்கர் வேலை பார்த்து, பட்டி வைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் 55,000 ரூபாய்க்கு ஆள் இருப்பதாகச் சொன்னார். வாங்க வந்தவரோ கல்யாண ஊர்வலத்துக்கு வாங்குகிறவர் அல்லர். அடுத்த ஊரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவரப் போவதாகச் சொன்னார். தரகர் என்னைத் தனியே அழைத்து, "விரிசலைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை; பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்குகிறார்?" என்றார். அந்த வாதம் எனக்குச் சற்று இனிக்கவே செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, ஐபைச் சொல்லிவிட்டு விற்பதானால் விற்றுக்கொள். சொல்லாமல் விற்றால் அந்தக் காசில் ஒரு வேளைச் சோறுகூட நான் சாப்பிடமாட்டேன்" என்றார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிய அண்ணலாரின் (ஸல்) நிகழ்ச்சியை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! விரிசலைச் சொன்னேன். வந்தவர் நன்றி கூறிப் போய்விட்டார். அடுத்து வந்த இருவரும் அப்படியே.

அப்போதுதான் துபாயிலிருந்து வந்திருந்த என் தம்பி இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னான். 2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் அது. அரசிடம் பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால், இரும்பின் விலையோடு 'வைப்புச் சான்றிதழ்' ஒன்றும் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த வண்டிக்கு 25 சதவிகிதம்வரையும் வணிக வண்டிக்கு 15 சதவிகிதம்வரையும் மாநிலங்கள் வாகன வரியில் சலுகை தரலாமென்று மத்திய விதி கூறுகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் கார்க் கம்பெனிகள் பலவும் ஒத்துக்கொண்டு, சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கார் விலையில் 1.5 சதவிகிதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன.

இது நம் நாட்டுப் புதுமையன்று. 2009-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது ஜெர்மனி, 9 ஆண்டு கடந்த காரை உடைக்கக் கொடுத்துப் புதிது வாங்கியவருக்கு 2,500 யூரோ ரொக்கமாகவே கொடுத்தது. அமெரிக்கா அதே ஆண்டில் 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்து, ஏறத்தாழ 6.8 லட்சம் பழைய வண்டிகளை ஒழித்தது. ஓடக்கூடிய எஞ்சினிலேயே சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகவைத்துக் கொன்றார்கள். ஏழைகள் வாங்கியிருக்கக்கூடிய வண்டிகளாயிற்றே என்று அங்கேயே பலர் வருந்தினர். என் கருத்தும் ஏறக்குறைய அதுவே. புதிது வாங்க வசதியுள்ளவனுக்குத்தான் இச்சான்றிதழ் பணம். ஒற்றைப் பழைய லாரியை வைத்துக்கொண்டு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் பிழைப்பவன் அதை வைத்து என்ன செய்வான்? அவனுடைய லாரி 15 ஆண்டைக் கடந்ததும் தகுதிச் சான்றுக் கட்டணம் 12,500 ரூபாய் என்று 2022-இல் உயர்ந்ததுதான் அவன் கண்ட பலன். புகை குறைய வேண்டும், விபத்துக் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் வண்டியின் விரிசலைக் கண்ட பிறகு எப்படி மறுப்பேன்?

வாரிசுச் சான்றிதழ் பெற்று, எல்லோருடைய சம்மதத்தோடும் வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றினோம். சென்னைக்கு அருகிலுள்ள நிலையம் ஒன்று 32,000 ரூபாய் விலை சொன்னது. ஏற்றிச்சென்ற வாடகை 4,000 போக 28,000 கையில் வந்தது. தரகர் சொன்னதில் ஏறத்தாழப் பாதி. அந்தப் பணத்தைப் பிரிப்பதில் சிக்கலில்லை. அம்மாவுக்கு எட்டில் ஒன்று 3,500. எஞ்சிய 24,500-ஐ ஐந்து பங்காக்கி எனக்கும் தம்பிக்கும் தலா 9,800, தங்கைக்கு 4,900.

தம்பி 8 லட்சம் ரூபாயில் ஒரு புதுக் கார் வாங்கினான். சான்றிதழைக் காட்டியதில் கம்பெனித் தள்ளுபடி 12,000, பதிவுக் கட்டணம் 600, ஆக 12,600 ரூபாய் அவனுக்கு மிச்சமாயிற்று. விருந்துக்கு வந்திருந்த தங்கை, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அண்ணே, அந்தச் சான்றிதழும் அத்தாவுடைய வண்டிக்குத்தானே கொடுத்தார்கள்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அதன்பின் சாப்பாட்டு விரிப்பில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "அலைந்தது நான், வாங்கியது நான், கம்பெனி எனக்குக் கொடுத்த தள்ளுபடியில் பங்கு என்ன?" என்று தம்பி கோபித்தான். அவன் சொல்வதும் நியாயம்போலவே எனக்குத் தோன்றியது. தங்கை முகத்தைப் பார்த்தால் அதுவும் நியாயம்போலவே தோன்றியது. மூத்தவனாகப் பிறந்தவனின் சங்கடம் இதுதான்.

மறுநாள் அஸருக்குப்பின் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விஷயத்தை விளக்கினேன். அவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அந்தக் காகிதத்தை இவர் உபயோகிக்காமல் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா?" முடியும், மின்னணு முறையில் பிறருக்கு மாற்றலாமென்று விதியிலேயே உள்ளது என்றேன். "அப்படியானால் அது வெறும் சலுகையன்று, மாலாகிவிட்டது. மய்யித்தின் வண்டியிலிருந்து வந்த மால். உங்கள் தம்பி அலைந்த செலவைக் கழித்துக்கொள்ளட்டும். மீதி எல்லோருக்கும் உரியது. விட்டுக்கொடுப்பவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். பெண்கள் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்" என்றார்கள்.

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே கணக்கு எழுதிக் கொண்டுவந்தான். அலைச்சல் செலவு வேண்டாமென்று விட்டிருந்தான். அம்மாவுக்கு 1,575, ஆண்களுக்குத் தலா 4,410, தங்கைக்கு 2,205. என் பங்கை அவனுக்கே விட்டேன். தங்கையைக் கேட்டேன். "விட்டுக்கொடுக்கவில்லை அண்ணே, எனக்கு வேண்டும்" என்றாள். உள்ளபடியே எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. நிலத்தில், வீட்டில், கடையில் எத்தனையோ சகோதரிகள் கேட்காமலே இருந்துவிட்டதை இதே ஊரில் பார்த்திருக்கிறேன்.

உடைத்த வண்டியின் சேசிஸ் எண் பொறித்த தகட்டை வெட்டியெடுத்து, ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்பது அந்த நிலையங்களுக்குள்ள விதி. இதைச் சொன்னபோது, "அதை நமக்குத் தரமாட்டார்களா?" என்று அம்மா கேட்டார்கள். தரமாட்டார்களாம். புதுக் காரில் குனிந்து ஏற வேண்டியிருக்கிறதென்று அம்மாவுக்கு ஒரு குறை. பெரம்பலூருக்கு இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.