கேக்கலையாம், அதான் கத்துறான்

1/
என் மகனுக்கு 14 வயசு. மூணு வாரமா குரல் கம்மிப்போய் இருந்தது. வீட்ல டாக்டர் இருந்தா என்ன வைத்தியம் நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "குரல் உடையுற வயசு, வெந்நீர் குடி"ன்னு சொல்லிட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். நான் பொது மருத்துவர்.

2/
நாலாவது வாரம் பேச்சே காத்தா வந்தப்பதான் பயம் வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரான என் தோழி ஸ்கோப் போட்டுப் பார்த்தார். ரெண்டு குரல்நாணும் சிவந்து வீங்கியிருந்தன. நல்லவேளை, முடிச்சு எதுவும் இல்லை. "தினமும் யாரைப் பாத்துடி இவ்ளோ கத்துறான்?"னு கேட்டார்.

3/
எனக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் கேம். வீட்டுக்கு வந்ததும் ஹெட்செட்டைப் பிடுங்கி பீரோவில் வெச்சுப் பூட்டினேன்.
ஒரு வாரம் பேசக்கூடாதுன்னு உத்தரவு. அதனால நோட்டில் எழுதிக் காட்டினான்:
"நான் பேசுறது அவனுங்களுக்குக் கேக்கலம்மா. அதான் கத்துறேன்."

4/
ஒரு விஷயம் சொல்லணும். போன வருஷம் எனக்கு டிரான்ஸ்ஃபர். திருநெல்வேலியிலிருந்து வேலூர். இங்கே அவனுக்கு இன்னும் பெருசா நண்பர்கள் இல்லை. அந்தப் பழைய நாலு பசங்களைச் சந்திக்கிற ஒரே இடம் அந்த கேம்தான். நான் பூட்டினது அதைத்தான்.

5/
1911-லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய விஷயம் இது. காதில் இரைச்சல் விழுந்தா, நம்மை அறியாமலேயே குரல் உயரும். லோம்பார்ட் விளைவுன்னு பேர். ஹெட்செட்டில் துப்பாக்கிச் சத்தம், காதை மூடின மெத்தையால் சொந்தக் குரலும் சரியா கேக்காது. இது போதாதுன்னு அந்தப் பக்கமிருந்து "ஏலே, சத்தமா பேசுலே!" பிள்ளை கத்தாம என்ன செய்வான்?

6/
சரி, நோயாளி கம்ப்யூட்டர்னு நினைச்சு பரிசோதனையை ஆரம்பிச்சோம். விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், அதில் இன்புட். பேசினா ஏறி இறங்குற பட்டை ஒண்ணு அங்கே இருக்கும். ஹெட்செட் மைக்கை விரலால் தட்டினேன். பட்டை அசையவே இல்லை. மானிட்டர் மேல இருந்த வெப்கேமைத் தட்டினேன். துள்ளிக் குதிச்சது!

7/
ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கின வெப்கேம். இத்தனை நாளும் கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டிருந்தது அதோட மைக்கில். ரெண்டடி தள்ளி. தூரம் ரெண்டு மடங்கானா, நேரா வர்ற சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். வாய்ப் பக்கத்தில் இருந்த மைக் சும்மா அலங்காரத்துக்கு.

8/
உங்க வீட்லயும் இருந்தா இந்த வரிசையில் பாருங்க:
• ஹெட்செட் வயரில் மியூட் பட்டன், வால்யூம் சக்கரம்.
• இன்புட்டில் எந்த மைக் தேர்வாகியிருக்கு. தட்டிப் பாருங்க.
• அதோட இன்புட் வால்யூம். எங்களுக்கு 40-ல் கிடந்தது, 85 ஆக்கினோம்.
• டிஸ்கார்டு, வாலரண்ட் மாதிரி இடங்களில் மைக் தேர்வும் வால்யூமும் தனியா இருக்கும். விண்டோஸில் மாத்தினது மட்டும் போதாது.
• அப்பவும் குறைவுன்னா, பழைய சவுண்ட் பேனலில் ரெக்கார்டிங், லெவல்ஸ், அங்கே மைக்ரோஃபோன் பூஸ்ட். 10 டெசிபல் போதும். அதிகமா ஏத்தினா ஃபேன் சத்தமும் சேர்ந்து ஏறும். யுஎஸ்பி ஹெட்செட்டில் பெரும்பாலும் இது இருக்காது.
• சைடுடோன் வசதி இருந்தா போடுங்க. தன் குரல் தன் காதில் கேட்டா, பிள்ளை தானா மெதுவா பேசும்.

9/
இனி டாக்டரா ரெண்டு வார்த்தை. குரல் கம்மினா உடனே ஆன்டிபயாட்டிக் வாங்காதீங்க. பெரும்பாலும் தேவைப்படாது. தண்ணீர், குரலுக்கு ஓய்வு. கிசுகிசுன்னு பேசுறதும் ஓய்வு ஆகாது. 4 வாரம் தாண்டினா குரல்நாணைப் பார்த்தே ஆகணும். மூச்சுத்திணறல், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் கட்டி இருந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க.
முக்கியமா, "ஏன்டா கத்துறே?"ன்னு திட்டாம, பதில் வேணும்னு கேளுங்க. நோயாளிகிட்ட பத்து கேள்வி கேக்குற நான், வீட்ல ஒண்ணுகூடக் கேக்கல.

10/
எல்லாம் சரி பண்ணினோம். டெஸ்ட் பண்ண ஆள் வேணும், அவன் பேசக்கூடாது. நானே ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு மெதுவா "ஹலோ"ன்னேன்.
அந்தப் பக்கம் கப்சிப். அப்புறம் ஒருத்தன் மட்டும்:
"ஆன்ட்டி, நல்லா கேக்கு ஆன்ட்டி. அவன எப்ப பேச விடுவீங்க?"
"வர்ற ஞாயித்துக்கிழமைப்பா"ன்னு சொன்னேன். பக்கத்தில் நின்னவன் நோட்டை எடுத்து, தேதியைப் பெருசா எழுதி வெச்சுக்கிட்டான்.