மூன்று குழந்தைகளும் ஒரு பகற்பொழுதும்

குழந்தைகளோடு யாத்திரை புறப்படுகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ரயில்வே கால அட்டவணையைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு வகை. குழந்தையின் முகத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் மற்றொரு வகை. நாங்கள் நெடுநாள் முதல் வகையில் இருந்தோம். இரண்டாவது வகைக்கு வந்து சேர்ந்த கதையை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். விடியற்காலையில் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை, அருகிலேயே புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள், பிறகு சிதம்பரம் கோயில், மத்தியானம் பிச்சாவரத்தில் படகு, மாலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இரவு வீடு. இப்படி ஒரு காகிதத்தில் எழுதி, எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டு கிளம்பினோம். பன்னிரண்டு வயது மூத்தவன், ஒன்பது வயதுப் பெண், நாலு வயதுக் கடைக்குட்டி ஆகிய மூவரும் உடன் வந்தார்கள். அந்தக் காகிதத்தில் அவர்களுடைய வயதை மட்டும் எழுத மறந்துவிட்டோம்!

கடைக்குட்டியை மணலிலிருந்து எழுப்பவே ஒரு மணி நேரம் பிடித்தது. கோயிலை அடைந்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. நடை சாத்துவதற்குள் தரிசனம் செய்துவிட வேண்டுமென்று ஓட்டமும் நடையுமாகப் பிரகாரத்தைச் சுற்றினோம். குழந்தையின் கையை மற்றவர் பிடித்திருப்பதாக எங்களில் ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம்!

பத்து நிமிஷந்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் பட்ட பாட்டை நடராஜப் பெருமானே அறிவார். சிவகங்கைத் தீர்த்தத்தில், தண்ணீருக்கு இரண்டே படி மேலே, அவன் உட்கார்ந்திருந்தான். முன்பின் அறியாத ஒரு மூதாட்டி அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"மீன் பார்க்கத்தானே வந்தோம், அப்பா?" என்றான்.

கோபித்துக்கொள்ள வாய் வரவில்லை. பிச்சாவரத்தை மறந்து வீடு திரும்பினோம்.

அடுத்த தை மாதத்தில் மீண்டும் போனோம். இம்முறை கோயில் மட்டுமே. முதல் ரயிலில் ஏறியதால் அவசரம் இல்லை. கிழக்குக் கோபுர வாயிலில் பரத சாஸ்திரத்தின் 108 கரணங்களும் கல்லில் ஆடுகின்றன. பெண் அவற்றின் முன் நின்று ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கிப் பார்த்தாள். மூத்தவனுக்குக் கணக்கு. சிற்சபையின் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600 என்றும், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் தொகை அது என்றும் ஐதிகம். நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தவன், "சரியாக வருகிறதே!" என்று துள்ளினான். கடைக்குட்டிக்கு மீன், அரை மணி நேரம், கையை விடாமல். ஒரே கோயில் மூவருக்கும் மூன்று கோயிலாயிற்று. நடை சாத்தியதும் பெரியவர்களுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும், சின்னவனுக்குக் கையோடு கொண்டுபோன தயிர்சாதமும். நிழலில் ஒரு தூக்கம் போட்டபின் ரயிலேறினோம்.

பிச்சாவரத்துக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினோம். வெயில் ஏறுமுன் படகில் ஏறிவிட வேண்டும். சின்னக் குழந்தைக்கு மிதவைச் சட்டை அவசியம். சுரபுன்னை மரங்கள் நீருக்குள் வேர்களை ஊன்றி, பல கால் கொண்ட பிராணிகளைப் போல் நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; ஆகையால் குழந்தைகள் இலையைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காடு தன் பின்னாலிருந்த கிராமங்களுக்கு அரணாக நின்று சேதத்தைக் குறைத்தது. இதைக் கேட்டபின் பெண் தானாகவே கையை மடக்கிக்கொண்டாள்.

கோட்டைக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. 1690-இல் ஆங்கிலக் கும்பெனியார் அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையில் உள்ள ஊர்களும் அவர்களுக்கே என்பது பேச்சு. அவ்வாறு சேர்ந்தவற்றைக் குண்டுக் கிராமங்கள் என்பார்கள். மூத்தவன் சிறிது யோசித்து, "அந்த ஊர்க்காரர்களை யாராவது கேட்டார்களா?" என்றான். எங்களிடம் விடை இல்லை. 1918-இல் புதுச்சேரியை விட்டு வந்த பாரதியாரைக் கைது செய்து வைத்ததும் இதே கடலூர்ச் சிறையில்தான் என்று மட்டும் சொன்னோம். அவனுக்கு அது போதும் போலிருந்தது. வழி நெடுக மௌனமாக வந்தான். கடைக்குட்டியோ மணலில் ஒரு கோட்டை கட்டி, அதைத் தானே இடித்தும்விட்டான்.

ஒரு நாள் திட்டம் மூன்று நாளாகிவிட்டது. பல்கலைக்கழகம் இன்னும் பாக்கி. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. குடும்பத்தோடு போகிற யாத்திரைக்கு மிகச் சிறிய கால்களே அளவுகோல். மிஞ்சும் இடங்கள் காத்திருக்கும்.

சிதம்பரத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், "மீன் இருக்கிறது" என்றுதான் சின்னவன் இன்றும் சொல்கிறான். இருக்கட்டும். பெரியவனானதும் நடராஜரைப் பார்த்துக்கொள்வான். அவர் எங்கும் போய்விட மாட்டார்.