எந்த மலைக் காப்பி?

வெளியூர் போகும் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். போன இடத்தில் கோயில் எங்கே என்று விசாரிப்பவர்கள் ஒரு வகை; காப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் மற்றொரு வகை. நான் முதல் வகையைச் சேர்ந்தவன் என்று சொல்லிக் கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உண்மையை மறைத்து என்ன பயன்? கூட வந்த என் மனைவியும் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போகிறாளே!

மெக்ஸிகோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் அழைத்ததன் பேரில் கோடை விடுமுறையில் அந்தத் தேசத்துக்குப் போயிருந்தோம். "வஹாக்காவைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது" என்று அவன் எங்களைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான். அந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஓவக்ஸாகா' என்று வருகிறது. ஊரார் சொல்வதோ 'வஹாக்கா'.

அழகான ஊர். 1529-ம் வருஷத்தில் அலோன்ஸோ கார்ஸியா பிராவோ என்ற ஸ்பானியர் சதுரங்கப் பலகை போலக் கோடு கிழித்து அமைத்த வீதிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பச்சைச் சாயல் படிந்த கல்லால் கட்டிய கட்டடங்கள். பூகம்பத்துக்குப் பயந்து அவற்றை உயரம் குறைத்தும் சுவர்களைப் பருமனாக்கியும் கட்டியிருக்கிறார்கள். ஆண்டவர்கள் 1821-ல் போய்விட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஸ்பானிய பாஷை தெரியாத ஜபோடெக் மலைச் சாதிப் பையன் ஒருவன் பன்னிரண்டு வயதில் இந்த ஊருக்கு நடந்து வந்து சேர்ந்தான். பிற்காலத்தில் தேசத்தின் ஜனாதிபதியான பெனீடோ ஹுவாரெஸ்தான் அந்தப் பையன். அவர் பெயர் இப்போது ஊரின் பெயரோடேயே சேர்ந்திருக்கிறது.

ஊர் நடுவில் 'ஸோக்கலோ' என்ற சதுக்கம். அதில் நிழல் தரும் பெரிய மரங்களுக்கு 'இந்திய லாரெல்' என்று பெயர். ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்தவை. நம் தேசத்தின் பெயரைத் தாங்கிய மரத்தின் கீழ் நல்ல காப்பி கிடைக்காமல் போகுமா என்ற நம்பிக்கையுடன், சதுக்கத்தைச் சுற்றியுள்ள வளைவு மண்டபங்களில் ஒன்றில் உட்கார்ந்தோம். வெள்ளைத் துணி விரித்த மேஜை, வாத்திய கோஷ்டி எல்லாம் இருந்தன. பரிசாரகர் ஒரு கோப்பை வெந்நீரையும் உடனே கரையும் காப்பிப் பொடிப் புட்டி ஒன்றையும் கொண்டு வந்து வைத்துவிட்டு வணக்கமாகப் போய்விட்டார். காப்பி விளையும் சீமையில் இப்படி ஓர் அநியாயமா என்று எனக்கு மனம் கொதித்தது. வெந்நீர் அவ்வளவாகக் கொதித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனோம். '20 நவம்பர்' என்று அதற்குப் பெயர். 1910-ல் மெக்ஸிகோவின் புரட்சி தொடங்கிய தேதி அது. அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்தவுடன் கடைக்கார அம்மாள் என்னை 'ஹோவென்' என்று அழைத்தாள். 'வாலிபரே' என்று அர்த்தம். நாற்பதைக் கடந்து சில வருஷங்களான என்னை யாரும் அப்படி அழைத்து வெகு காலமாயிற்று. அங்கே எந்த ஆண்பிள்ளையையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை எனக்குத் தெரிவிப்பதில் என் மனைவி காட்டிய உற்சாகம் தேவையற்றது.

அந்த அம்மாள் கொடுத்தது 'கஃபே தெ ஓயா', அதாவது பானைக் காப்பி. மண் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது 'பிலோன்ஸீயோ' என்ற அச்சு வெல்லத்தையும் இலவங்கப்பட்டையையும் போட்டு, பிறகு காப்பித் தூளைச் சேர்த்து இறக்குகிறார்கள். பால் கிடையாது. இலங்கையில் விளையும் மெல்லிய பட்டையை வாங்கும் தேசங்களில் மெக்ஸிகோவுக்கே முதன்மை ஸ்தானம். ஆகவே, வெல்லமும் பட்டையும் மணந்த அந்தக் கோப்பை எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. பக்கத்துப் பலகையில் ஒருவர் முட்டை ரொட்டியைச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். அந்தச் சாக்லேட்டை நுரை பொங்க வைக்க, நம் மத்தைப் போன்ற மரக்கருவி ஒன்றை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துச் சுழற்றுகிறார்கள்.

மூன்றாவது இடத்தைக் கண்டுபிடித்த பெருமை என் மனைவியின் மூக்கைச் சேர்ந்தது. ஸாந்தோ தோமிங்கோ ஆலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சட்டென்று நின்று, "எங்கேயோ காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள்" என்றாள். பெயர்ப் பலகை கூட இல்லாத ஒரு கதவைத் தாண்டினால் பழைய வீட்டின் முற்றம். அதில் நாலே மேஜைகள். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வறுப்பதும் அரைப்பதும் வடிப்பதும் தானே செய்து கொண்டிருந்தாள்.

காப்பி பிரமாதம். விலைதான் அறுபது பெஸோ! மார்க்கெட்டில் முப்பது கொடுத்தவனுக்கு இது பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய பாஷையில், "விலையைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் கோபித்துக் கொள்ளவில்லை. "இதில் என் தகப்பனாரின் கூலியும் இருக்கிறது, ஐயா. அதில் எவ்வளவு குறைக்கட்டும்?" என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். ஸ்பானியர் காலத்தில் இந்தச் சீமையின் செல்வம் கள்ளிச் செடியில் வளரும் 'கொச்சினீல்' என்ற பூச்சியின் சிவப்புச் சாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஸாயனச் சாயம் வந்து அதை விழுங்கிவிட்டது; நம் அவுரிக்கு நேர்ந்த அதே கதிதான். அதன் பின்பே தெற்கு மலைச் சரிவில் புளூமா இடால்கோ முதலிய இடங்களில் காப்பித் தோட்டங்கள் பெருகின. நல்ல கொட்டை கப்பல் ஏறிற்று. உள்ளூர்க்காரர்களுக்கு மிஞ்சியது மட்டக் கொட்டையும் புட்டிப் பொடியும். 1989-ல் சர்வதேச ஒப்பந்தம் குலைந்து உலக விலை சரிந்தது. 2012-க்குப் பிறகு இலைத் துரு நோய் வந்தது. அவளுடைய தகப்பனார் இரண்டையும் பார்த்தவர். போதாக்குறைக்கு ஊரில் வாடகை ஏற்றம். வெளியூர்க்காரர் பெருக்கத்தால் ஊர்க்காரர் குடியிருக்க முடியவில்லை என்று 2024-ல் தெருவில் ஊர்வலமே நடந்தது.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1983-லேயே இந்த மாகாணத்தின் கிழக்கு மலைகளில் காப்பிக் குடியானவர்கள் 'யூஸிரி' என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1988-ல் ஹாலந்து தேசத்தில் நியாய விலை முத்திரையுடன் முதன்முதல் விற்பனைக்கு வந்தது அவர்களுடைய காப்பிதான். அந்த முத்திரைக்கு 'மாக்ஸ் ஹாவெலார்' என்று பெயர். ஜாவாவில் டச்சுக்காரர் ஆட்சியில் குடியானவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் 1860-ம் வருஷத்து நாவலின் பெயர் அது!

நான் அறுபது பெஸோவை மறுபேச்சின்றிக் கொடுத்தேன். அவள் மீதிச் சில்லறையைக் கொடுத்துக் கொண்டே, "உங்கள் ஊரிலும் மலையில் காப்பி விளையுமாமே! நீங்கள் வீட்டில் சாப்பிடுவது எந்த மலைக் காப்பி?" என்று கேட்டாள்.

வகுப்பில் நான் எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டு விழிக்க வைத்திருக்கிறேன். அன்று நான் விழித்தேன். முப்பது வருஷமாக நாளைக்கு இரண்டு வேளை குடிக்கிறேன். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் தெரியும். டிகாக்ஷன் இரண்டாந்தரமா என்று தெரியும். ஆனால் எந்த மலை, யார் கை பறித்தது என்பது தெரியாது. "கடையில் வாங்குகிறோம்" என்றேன். அவள் சிரிக்காமல் இருந்தது அவளுடைய மரியாதை.

அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: வாசலை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் முற்றத்தை எட்டிப் பாருங்கள். பொட்டலத்தின் மேல் மலையின் பெயரும் வறுத்த தேதியும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். காலை வேளையில் ஊர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே உட்காருங்கள். 'எந்த மலை?' என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அது நல்ல கடை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் தெருக்கோடிக் காப்பிக் கடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மலையெல்லாம் நமக்கு எதற்கு, ஸார்? சிக்கரி எத்தனை பங்கு வேண்டும், சொல்லுங்கள்" என்றார்.

பதில் கிடைக்கும் வரையில் வாராவாரம் கேட்பதாக உத்தேசித்திருக்கிறேன்.