லயத்துக்குள் விழுந்த ஆறுமணிக்குருவி



நேற்று சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். ரோட்டோரக் கானில் ஒரு சாம்பல் வாலாட்டி வாலை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இந்த வருடமும் வந்துவிட்டது.

இலையுதிர் காலம் என்று பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். நம் சப்ரகமுவவில் அப்படி ஒரு காலம் எங்கே இருக்கிறது? ரப்பர் இலை உதிர்வது கூட தையிலும் மாசியிலும்தான். செப்டெம்பர், ஒக்டோபர் வந்ததை எங்களுக்குச் சொல்வது இந்தக் குருவிகள்தான். இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து, சித்திரை வரை நம்மோடு இருந்துவிட்டுப் போகின்றன.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஒக்டோபர் காலையில், தரம் 8 மகன் ஒருவன் சேட்டுக்குள் எதையோ பொத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தான். திறந்து பார்த்தால் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் இரத்தச் சிவப்பு. சிங்களத்தில் அதை அவிச்சியா என்பார்கள். அவன் காற்சட்டைப் பையில் எப்போதும் கெட்டபோல் இருக்கும் என்பது பாடசாலைக்கே தெரியும். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு வாருக்கா பஞ்சம்? நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஏசி, வெளியே நிறுத்தினோம்.

"சேர், நான் அடிக்கல சேர். ராத்திரி லைட்டப் பாத்து வந்து லயத்துக்குள்ள விழுந்திருச்சு" என்றான். நம்பவில்லை.

பிறகுதான் குருவியை எடுத்து ஆறுதலாகப் பார்த்தோம். ஒரு காயமும் இல்லை. ஆறுமணிக்குருவி இரவில்தான் பயணம் செய்யும். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, களைத்துப்போய், வெளிச்சத்தைக் கண்டு வீடுகளுக்குள் விழுவது அதன் வழக்கம். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அந்தப் பிள்ளையைக் கண்டவுடன் மறந்துபோனது. பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில் வைத்திருந்து, பின்னேரம் தேயிலைக்குப் பக்கத்துக் காட்டோரம் விட்டோம். கொஞ்ச நேரம் நிலத்தில் நின்றது. பிறகு பற்றைக்குள் தத்திப் போய்விட்டது.

மறுநாள் அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு முன்னால், "மகன், பிழை எங்களுடையது" என்றோம். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை.

அன்று பாடத்தை வைத்துவிட்டு சாலிம் அலியின் கதையைச் சொன்னோம். 1896இல் பிறந்தவர். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்ததைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அந்தக் கேள்வியோடு தொடங்கியது, 1987இல் மௌத்தாகும் வரை பறவைகளுக்குப் பின்னாலேயே போனது. கெட்டபோல்காரன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

அந்த நவம்பரில் பிள்ளைகளைக் கலமெட்டியவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சொல்வது இலேசு. அனுமதிக் கடிதம், வேன் காசு எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கட்டுகிற காசு அதன் தாய்க்கு ஒரு நாள் பெயர். பாதியை நாங்கள் போட்டோம், மீதிக்கு ஊர்க் கடைக்காரர்கள் உதவினார்கள். விடியமுன் புறப்பட்டு, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய தாண்டி, நோனாகமவுக்கு இறங்கினோம். கடலையே முதல் தடவை கண்ட பிள்ளைகள் பாதிப் பேர்.

கலமெட்டிய 1984 முதல் சரணாலயம். வள்ளத்தில் நாணலுக்குள் போனபோது நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக நின்றன. அல்லி இலைமேல் இலைக்கோழி நடந்தது. சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள். இரண்டே பைனாகுலர், அதற்கு அடிபிடி. அந்த மகன் மட்டும் பைனாகுலர் கேட்கவில்லை. எல்லோருக்கும் முதல் அவன்தான் வெறுங்கண்ணால் கண்டு கை நீட்டினான். கெட்டபோல் பழக்கிய கண்.

வள்ளக்கார ஐயா சிங்களத்தில் ஒன்று சொன்னார். அவருடைய தகப்பன் காலத்தில் இந்தத் தண்ணீர் உப்பு, இறால் அள்ளுவார்களாம். இப்போது நன்னீராகி, புல்லும் கிரல மரமும் மூடிவிட்டன. காரணம் நமக்குத் தூரத்தில் இல்லை. 1960களில் வளவை கங்கையை உடவளவையில் மறித்தார்கள். வாய்க்கால் வழியாக வயலுக்குப் போன தண்ணீர், வயலிலிருந்து வடிந்து இந்தக் களப்பில் விழுகிறது. உப்பு குறைந்ததும் களப்பே மாறிவிட்டது. தாழைக்கோழிக்கு அது நல்லதாகப் போனது, இறால்காரருக்கு இல்லை.

வளவை கங்கை தொடங்குவது நம் பலாங்கொடைக்கு மேலே உள்ள மலைகளில். அதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்ப சேர், நம்ம லயத்துக் கான் தண்ணியும் இங்கதான் வருதா?"

கொஞ்சமாவது வரும் என்றோம். கொழுந்துக்குப் போடுகிற உரமும், கானில் நாம் எறிகிற ஷொப்பிங் பையும் சேர்ந்துதான் வரும். வள்ளத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

சாதாரண தரத்தோடு அவன் படிப்பை விட்டுவிட்டான். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், வீட்டு நிலைமை விடவில்லை. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

நேற்று இரவு போன் எடுத்தான். கடைக்குப் பின்னால் மதிலோரம் ஒரு மாமரமாம், பின்னேரம் ஆறு மணிக்கு அதற்கடியில் இரண்டு தரம் விசில் கேட்டதாம்.

"சேர், அங்க வந்திருச்சா?"

இன்னும் இல்லை மகன், வாலாட்டி மட்டும்தான் என்றோம். வந்தால் சொல்லச் சொன்னான். அடுத்த மாதம் கலமெட்டிய போகும் வேனில் தனக்கும் ஒரு சீட் வைக்கச் சொன்னான், லீவு கேட்டுப் பார்க்கிறானாம்.