குச்சிக்குள்ள ஆன்டிபயாடிக்

எங்க ஊர்ல "ஊசி போட்டாச்சா?"ன்னு கேட்டா அது பெரும்பாலும் மாட்டுக்குத்தான். செயற்கைக் கருவூட்டல்ங்கிற பேரு யார் வாயிலயும் நுழையாது. சினை ஊசி, அவ்வளவுதான். மைனஸ் 196 டிகிரியில, திரவ நைட்ரஜன் கேன்ல கிடக்குற கால் மில்லி குச்சி. அதை நம்பித்தான் பல வீட்டுல அடுப்பு எரியுது.

போன மாசம் சித்தப்பா போன்ல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவரோட ஜெர்சி கலப்பு மாட்டுக்கு மூணு ஊசி போட்டும் சினை நிக்கல. "குச்சியில ஆன்டிபயாடிக் கலக்குறானுங்களாம்டா. கிருமியைக் கொல்ற மருந்து உயிரணுவை மட்டும் விட்டு வைக்குமா? பேசாம மாட்டை வித்துடலாம்னு இருக்கேன்"னார். பால் காசுல மகளை நர்சிங் படிக்க வைக்கிற மனுஷன். சும்மா தட்டிக்கழிக்க மனசு வரல. உக்காந்து படிச்சேன்.

கலக்குறது உண்மைதான். காளையை எவ்வளவு கழுவினாலும் தோல்ல இருந்தும் சாணியில இருந்தும் விந்துல கிருமி சேர்ந்துடும். கூட கலக்குற முட்டை மஞ்சக்கருவும் சர்க்கரையும் அதுக்கு விருந்து. உறைய வச்சாலும் எல்லாம் சாகாது. அதனாலதான் 1940-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவுல ஜான் அல்ம்குவிஸ்ட், பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்த்துப் பார்த்தார். சினை பிடிக்கிறது கூடிச்சு.

சித்தப்பா சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு. பெனிசிலின் தாக்குறது பாக்டீரியாவோட செல் சுவரை. உயிரணுவுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆனா ஜென்டாமைசின் மாதிரி மருந்து அளவு மீறினா உயிரணுவோட ஓட்டம் குறையும். கம்மியானா கிருமி ஜெயிக்கும், அதிகமானா வால் ஆடாது. அதுக்குத்தான் உறைவிந்து நிலையத்துல குச்சியை உருக்கி, நுண்ணோக்கியில ஓட்டம் பார்த்துட்டு வெளிய விடுறாங்க.

இன்னொண்ணு. காளைக்குக் காய்ச்சல் வந்து மருந்து கொடுத்தா, அப்புறம் விந்து கெட்டுப் போறதுக்கு மருந்து மேல பழி விழும். காய்ச்சல் சூடே உயிரணுவைக் கெடுக்கும். காளையில ஒரு உயிரணு உருவாக ஏறக்குறைய 61 நாள் ஆகுறதால, பாதிப்பு தெரியவே வாரங்கள் ஆகும்.

சித்தப்பாகிட்ட ரெண்டே விஷயம் சொன்னேன். காலையில கத்தினா சாயங்காலம் ஊசி போடுங்க. மூணு தடவை நிக்கலைன்னா குச்சியைத் திட்டாம, டாக்டரை விட்டு கருப்பையைப் பாக்கச் சொல்லுங்க. பார்த்தார். கோழை கண்ணாடி மாதிரி இல்லாம கலங்கலா இருந்துச்சாம். கருப்பையில தொற்று. வைத்தியம் என்ன தெரியுமா? அதே ஆன்டிபயாடிக்! :) இப்போ அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கார். மாட்டை விக்கிற பேச்சு நின்னு போச்சு.

எனக்கு மிச்சமிருக்குற பயம் வேற. பன்றி விந்தை உறைய வைக்காம 17 டிகிரி வாக்குல வைக்கிறாங்க. அங்க கிருமி வளரும், மருந்துக்கும் பழகிக்கும். ஜெர்மனியில ஹானோவர் ஆய்வாளர்கள் 5 டிகிரியில வச்சு, ஆன்டிபயாடிக்கே இல்லாம சமாளிக்கப் பாக்குறாங்க. நம்ம பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வர்றப்போ கேக்குற மருந்து மிச்சமிருக்கணும்னா, இந்த மாதிரி வேலைதான் வேணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. மாட்டுக்கு எதுன்னாலும் கால்நடை மருத்துவரைக் கேளுங்க.